ஒருக்களித்துத் தூங்குபவரின் கழுத்தும் தலையணையின் உயரமும்

நீலகிரியில் கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் சிற்றூர்) ஒன்றில் வசிக்கும் 46 வயது ஆசிரியை ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். சிறுவயது முதலே அவர் வலப்பக்கமாக ஒருக்களித்துத்தான் தூங்குவாராம். பலகைக் கட்டிலில் மெல்லிய பஞ்சு மெத்தையை விரித்து, இரண்டு தலையணைகளை அடுக்கி வைத்துப் படுத்த காலத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஐப்பசியில் கனமான புதிய ஃபோம் மெத்தை வாங்கியதிலிருந்து, விடிந்து எழும்போது இடப்பக்கக் கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு வரை பிடித்துக்கொள்கிறது. யாராவது கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருக்கிறது. பத்து மணிக்கு மேல் வகுப்பில் நடமாடத் தொடங்கிய பிறகு மெல்லத் தளர்கிறது. மல்லாந்து படுத்துப் பழக வேண்டுமா, கடைக்காரர் காட்டிய விலை உயர்ந்த தலையணையை வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

சகோதரி, இரண்டுமே இப்போதைக்குத் தேவையில்லை என்று நினைக்கிறேன். குன்னூரில் 19 ஆண்டுகளாகப் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். இந்த மலையில் குளிர்காலக் காலைகளில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது கட்டிலையும் மெத்தையையும் தலையணையையும் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் அதற்கான விடை ஏறக்குறைய வந்துவிட்டது.

ஒருக்களித்துப் படுப்பதை ஒரு கெட்ட பழக்கமாக நினைக்காதீர்கள். குறட்டை விடுபவர்களுக்கும் தூக்கத்தில் மூச்சு தடைப்படுபவர்களுக்கும் மல்லாந்து படுப்பதைவிட இதுவே நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இடப்பக்கம் படுத்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி வருவது குறைகிறது. இடக்கை கீழே இருக்கும்படி படுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வந்ததில் பொருள் இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஏழாம் மாதத்துக்குப் பிறகு மருத்துவர்களே இதைத்தான் அறிவுறுத்துகிறார்கள். கழுத்துக்கு உண்மையிலேயே ஒவ்வாதது குப்புறப் படுப்பதுதான், ஏனென்றால் மூச்சுவிடுவதற்காகத் தலையை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பியே மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மேலும், 40 ஆண்டுப் பழக்கத்தை விழிப்பில் எடுக்கும் ஒரு முடிவால் மாற்றிவிட முடியாது; கண் அயர்ந்ததும் உடம்பு தனக்குப் பிடித்த பக்கம் திரும்பிக்கொள்ளும்.

வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. அவற்றின் மேல் நிற்கும் தலையின் எடை, வளர்ந்த ஒருவருக்கு ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ. மல்லாந்து படுக்கும்போது தலைக்கும் மெத்தைக்கும் இடையில் சிறிதளவே இடைவெளி. ஒருக்களித்ததும் தோள் குறுக்கே நின்றுவிடுவதால், காதுக்கும் மெத்தைக்கும் நடுவே பெரிய பள்ளம் உண்டாகிறது. அந்தப் பள்ளத்தைச் சரியாக நிரப்புவதே தலையணையின் வேலை. உயரம் குறைந்தால் தலை மெத்தையை நோக்கித் தொங்கும். மேற்பக்கத் தசைகள் இரவு முழுதும் இழுபட்டுக் கிடக்கும். உயரம் மிகுந்தால் தலை மேல்நோக்கிச் சாய்ந்து, மேற்பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் சிறிய மூட்டுகள் ஒன்றையொன்று அழுத்திக்கொள்ளும், அந்தப் பக்கத் தசைகளும் குறுகியபடியே ஆறேழு மணி நேரம் இருக்கும். விழித்திருக்கும்போது இப்படித் தலையைச் சாய்த்து உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் நாமாகவே நிமிர்த்திக்கொள்வோம். தூக்கத்தில் அந்த எச்சரிக்கை மங்கிவிடுகிறது.

உங்கள் வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. பலகையும் மெல்லிய பஞ்சு மெத்தையும் தோளை உள்ளே விடவில்லை. அதனால் பள்ளம் பெரிதாக இருந்தது, இரண்டு தலையணைகள் அதற்குப் பொருந்தின. புதிய ஃபோம் மெத்தையில் உங்கள் வலத்தோள் நன்றாக அமிழ்கிறது, தலையணைகளோ பழைய உயரத்திலேயே நிற்கின்றன. தோள் இறங்கிய அளவுக்குத் தலை இறங்கவில்லை. நீங்கள் வலப்பக்கம் படுக்கிறீர்கள், வலி மேலே இருக்கும் இடப்பக்கத்தில் வருகிறது என்பதும் இதனோடு ஒத்துப்போகிறது. மெத்தையை மாற்றும்போது தலையணையையும் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று விற்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் இந்த வலியிலிருந்து தப்பியிருப்பார்கள். சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இதை ஊகத்தில் விட வேண்டாம், அளந்துவிடலாம். ஒரு சுவரில் வலத்தோள் பட்டும்படாமலும் தொடும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். நேரே எதிரே பாருங்கள், தோளைத் தூக்காதீர்கள். வீட்டில் ஒருவரைக் கொண்டு, சுவருக்கும் உங்கள் காதுக்குச் சற்று மேலே உள்ள பக்கத்தலைக்கும் இடைப்பட்ட தூரத்தை அடிக்கோலால் அளக்கச் சொல்லுங்கள். அது 13 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது மெத்தை. ஒருக்களித்துப் படுத்த நிலையில், தோள் மெத்தைக்குள் எவ்வளவு புதைகிறது என்பதைப் பக்கத்தில் மெத்தை மட்டத்தில் ஒரு நேர்க்கம்பை வைத்துப் பார்க்கலாம். 3 செ.மீ. புதைகிறது என்றால், உங்களுக்கு வேண்டிய தலையணை உயரம் ஏறக்குறைய 10 செ.மீ. அகன்ற தோளுள்ள உங்கள் கணவருக்கு இதே மெத்தையில் 13 அல்லது 14 வேண்டியிருக்கலாம். ஒரே கட்டிலில் இருவருக்கும் ஒரே மாதிரித் தலையணையை ஜோடியாக வாங்கிப் போடுவது பார்வைக்கு அழகாக இருக்கலாம். இருவரில் ஒருவருடைய கழுத்தாவது அதற்கு விலை கொடுக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நமக்கு வேண்டியது தலை வைத்த பிறகு எஞ்சும் உயரம். கட்டிலின்மேல் உப்பலாக 15 செ.மீ. தெரியும் தலையணை, தலை பட்டதும் 6 செ.மீ. ஆகிவிடக்கூடும். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, 5 கிலோ அரிசிப் பையைத் தலையணையின் நடுவில் வைத்து, பத்து நிமிடம் பொறுத்திருந்து, பையின் அடிப்பாகத்திலிருந்து தலையணையின் அடி வரையுள்ள உயரத்தை அளப்பது. தலையின் எடையும் அந்தப் பையின் எடையும் ஏறக்குறைய ஒன்றே. உங்கள் இரண்டு தலையணைகளையும் தனித்தனியாகவும், பிறகு சேர்த்தும் இப்படி அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் வைத்தால் 7, இரண்டும் சேர்ந்தால் 14 என்று வந்தால் வியப்பில்லை. உங்களுக்கு வேண்டிய 10 அவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அந்த நடுவைப் பிடிக்கக் குளியல் துண்டு போதும். இரண்டாவது தலையணையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு துண்டைத் தலையணையின் அளவுக்கு மடித்து உறைக்குள், தலையணைக்கு அடியில் செருகுங்கள். ஒரு மடிப்பைக் கூட்டியும் குறைத்தும் அரை செ.மீ. வித்தியாசம்கூடக் கொண்டுவரலாம், அடுக்கிய தலையணைகள் நள்ளிரவில் வழுக்கிப் பிரிவதுபோல இது பிரிவதும் இல்லை. இன்னொரு சிறிய துண்டைக் குழந்தையின் மணிக்கட்டுத் தடிமனுக்குச் சுருட்டி, உறைக்குள் தலையணையின் கீழ்விளிம்பில் வையுங்கள். தலையைவிடக் கழுத்து உள்ளொடுங்கி இருப்பதால், தலை தாங்கப்பட்டும் கழுத்து அந்தரத்தில் நிற்பது உண்டு. இந்தச் சுருள் அந்த இடத்தை நிரப்பும். தோள் தலையணைமேல் ஏறக் கூடாது. விளிம்பு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள வளைவில் வந்து நிற்க வேண்டும்.

பிறகு, நீங்கள் படுத்திருக்கும்போது முன்னாலிருந்து ஒரு புகைப்படமும் முதுகுப் பக்கத்திலிருந்து ஒரு புகைப்படமும் எடுக்கச் சொல்லுங்கள். புருவமத்தி, மூக்கு நுனி, தாடையின் நடு, நெஞ்செலும்பின் மேற்குழி ஆகிய நான்கும் மெத்தைக்கு இணையான ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பின்படத்தில், நடுமுதுகின் எலும்பு வரிசை கழுத்து வழியாக வளையாமல் தலைக்குச் செல்ல வேண்டும். உள்ளே இருந்தபடி நமக்குத் தெரிவதில்லை. கோணலாகவே பழகிய கழுத்து கோணலையே நேர் என்று உணரும். எனவே முதல் மூன்று நாள் புதிய உயரம் அந்நியமாகத் தோன்றினால் உடனே மாற்ற வேண்டாம். பத்து நாட்களாவது விட்டுப் பாருங்கள். வலி கூடினால் மட்டும் ஒரு மடிப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

கழுத்து சுளுக்கிக்கொண்டால் தலையணையை வெயிலில் போடு என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. படித்து முடித்து வந்த புதிதில் நான் இதைப் பொருட்படுத்தவில்லை. கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் ஒரு மார்கழியில் தம் தலையணையை அரிசிச் சாக்கில் சுருட்டி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தபோதுதான் புரிந்தது. உறையைக் கழற்றிப் பார்த்தேன். இலவம் பஞ்சு நெல்லிக்காய் நெல்லிக்காயாகத் திரண்டு நான்கு மூலைகளுக்கும் ஒதுங்கியிருந்தது. தலை வைக்கும் நடுவில் மேல்துணியும் கீழ்த்துணியும் ஒட்டாத குறை. உள்ளங்கையால் அழுத்தியதும் மேசையின் மரம் கைக்குத் தட்டுப்பட்டது. முகர்ந்தால் ஈரமும் தேங்காய் எண்ணெயும் கலந்த நெடி. ஒருக்களித்துப் படுக்கும் அந்த அம்மாவுக்கு இரவில் தலையணை என்று ஒன்று இருக்கவே இல்லை.

இலவம் பஞ்சின் இழை உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூட்டில் நிற்கும் காற்றுதான் உயரத்தைக் கொடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் தலை அழுத்துவதாலும், எண்ணெயும் வியர்வையும் சேர்வதாலும் இழைகள் நசுங்கித் திரள்கின்றன. நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் பனிமூட்டமும் மாறி மாறி நிற்பதால் வீட்டுக்குள் எதுவுமே முழுதாக உலர்வதில்லை. தை பிறந்து, இரவில் உறைபனியும் பகலில் தெளிந்த வெயிலும் வருகிறபோது தலையணையை வெளியே போட்டுத் தட்டி உதிர்த்தால் இழைகளுக்கிடையே மறுபடி காற்று ஏறுகிறது, உயரம் திரும்புகிறது, கழுத்தும் சரியாகிறது. சொன்னவர்கள் காரணத்தைச் சொல்லவில்லையே தவிர, வழியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாவிடம் தையலைப் பிரித்து, பஞ்சு பறக்காதபடி பழைய வேட்டியைப் போர்த்தி இரண்டு நாள் வெயிலில் வைத்து, கட்டிகளைக் கையால் பிய்த்துவிட்டு, கொஞ்சம் புதுப்பஞ்சு சேர்த்துத் தைக்கச் சொன்னேன். வலி பெரிதும் குறைந்தது என்று அடுத்த மாதம் வந்து சொன்னார். நாள் முழுதும் கொழுந்துப் பையைச் சுமக்கும் கழுத்து அவருடையது. இரவிலாவது அதற்கு ஓய்வு கிடைத்தது.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அளவைத் தெரிந்துகொண்டு போங்கள். கடையில் உங்களுக்குக் காட்டியது மெமரி ஃபோம் வகையாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். அது உடற்சூட்டில் இளகித் தலையின் வடிவத்துக்கு இடம்கொடுப்பது, குளிரில் இறுகும். சமவெளியில் பஞ்சுபோல அமிழும் அதே தலையணை, ஜனவரி இரவில் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ படுக்கப் போகும் நேரத்தில் கட்டையாக இருக்கும், தலையின் சூடு ஏறிய பிறகே இறங்கும். முதலில் ஒரு உயரம், பின்னிரவில் வேறொரு உயரம். ஆகவே நம் ஊருக்கு நான் அதைப் பெரிதாகப் பரிந்துரைப்பதில்லை. ரப்பர் பாலில் செய்யும் லேடெக்ஸ் தலையணை இந்த அளவுக்குக் குளிருக்கு மாறுவதில்லை, உயரத்தையும் நெடுநாள் காக்கும், விலைதான் அதிகம். நன்றாக அடைத்த இலவம் பஞ்சுத் தலையணையை ஆண்டுக்கொரு முறை பிரித்து உதறித் தைக்கும் பொறுமை இருந்தால் அதற்குக் குறைவே இல்லை.

தலையணை சரியானாலும் உடம்பு திரும்பிவிட்டால் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒருக்களித்துப் படுப்பவர்களில் பலர் விடியும்போது அப்படியே இருப்பதில்லை. மேற்கால் முன்னே விழுந்து, இடுப்பு சாய்ந்து, மேற்தோளும் முன்னே உருண்டு, பாதிக் குப்புறக் கிடப்பார்கள். நெஞ்சு மெத்தையைப் பார்க்க, முகம் மட்டும் பக்கவாட்டில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் நீங்கள் எடுத்துவிட்ட அந்த இரண்டாவது தலையணை. அதை நெஞ்சோடு அணைத்து, மேற்கையை அதன்மேல் போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் மடித்த கம்பளி ஒன்றை வைத்தால் இடுப்பும் சாயாது. கீழ்த்தோளின் முனைமேல் நேராகப் படுக்காமல், அந்தத் தோளைச் சற்று முன்னே இழுத்துவிட்டு, தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் பாரம் இறங்கும்படி படுங்கள். கீழ்க்கையைத் தலையணைக்கு அடியில் செருகும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது தலையணையின் உயரத்தைக் கூட்டுவதோடு, கையையும் மரத்துப்போக வைக்கும்.

நம் குளிருக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. மஃப்ளரைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுத் தூங்குவது ஒன்று. அந்த முடிச்சு காதுக்குக் கீழே ஒரு கல்லைப்போல நிற்கும். தலைக்குப் பின்னே தொப்பியுள்ள ஜெர்கினோடு தூங்குவதும் அப்படித்தான். அந்தத் துணி பிடரியில் சுருண்டு தலையை முன்னே தள்ளும். மெல்லிய கம்பளிக் குல்லாய் ஒன்று போதும். மூன்று கனத்த கம்பளிகளுக்கு அடியில் தாடையை நெஞ்சில் புதைத்துச் சுருண்டு படுப்பதும் கழுத்தின் பின்தசைகளை இரவு முழுதும் இழுத்துவைக்கும். காலுக்கு உறை போட்டு, படுக்கையை வெந்நீர்ப் பையால் முன்பே சூடாக்கிவிட்டுப் படுத்தால் இவ்வளவு சுருள வேண்டியிராது. இதோடு ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: குளிருக்காகக் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு, அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணமோ நிறமோ கிடையாது. தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வலியோடு விழிக்கும் காலையில் தலையை முதலில் தூக்காதீர்கள். பக்கவாட்டில் இருந்தபடியே கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி உடம்பை எழுப்புங்கள். தலை உடம்போடு வரட்டும். துணி சுற்றிய வெந்நீர்ப் பையைக் கழுத்தில் 15 நிமிடம் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, யாரோ நெற்றியைப் பின்னே தள்ளுவதுபோலத் தாடையை மட்டத்திலேயே உள்ளிழுத்து ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள், பத்து முறை. பிறகு வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் இருபுறமும் மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். நம் மலையில் எடுக்கும் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் தோலுக்கு இதமான சூட்டைத் தரும், தடவலாம். தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்கக் கூடாது, தோல் புண்ணாகிவிடும். விண்டர்கிரீன் தைலம் வயிற்றுக்குள் போனால் சிறிதளவே நஞ்சாகும் என்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது, முடிதிருத்தும் கடையிலோ வேறெங்கோ, தலையைப் பிடித்துச் சட்டென்று சொடுக்கிவிட அனுமதிக்காதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகளுக்குள் புகுந்துதான் மேலே போகின்றன. அந்தச் சொடுக்கில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. ஆனால் வந்தால் திருப்பிக்கொள்ள முடியாத இழப்பு அது.

தூக்கத்தில் வரும் கழுத்துப்பிடிப்பு பெரும்பாலும் சில நாட்களில் தளரும். கை வழியாக விரல்கள் வரை வலியோ மரமரப்போ இறங்குவது, கையிலிருந்து சாக்பீஸ் நழுவுவது, நடையில் தடுமாற்றம், சிறுநீரை அடக்க முடியாமை, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, இரவில் எப்படிப் படுத்தாலும் குறையாத வலியோடு உடல் மெலிவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தலையணையை ஆராய்ந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கழுத்தும் தாடையும் இடக்கையும் சேர்ந்து வலித்து, நெஞ்சில் பாரமும் வியர்வையும் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இவற்றில் எதுவும் இல்லை, நடமாடத் தொடங்கியதும் வலி குறைவதும் நல்ல அறிகுறி.

இன்றிரவு ஒரு தலையணையோடும் ஒரு துண்டோடும் தொடங்குங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் காலைப் பிடிப்பு அப்படியே இருந்தால், சுவரோரம் அளந்த தூரம், தோள் மெத்தையில் புதையும் அளவு, அரிசிப் பையை வைத்தபோது தலையணை நின்ற உயரம் ஆகிய மூன்று எண்களையும் அந்த இரண்டு புகைப்படங்களையும் எனக்கு அனுப்பிவையுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு, வலி வேறு எங்கிருந்து வருகிறது என்று தேடுவோம்.